அறிவதற்காக ஊறு செய்யலாமா?

ஓர் உயிரைப் பற்றி அறிந்துகொள்வதற்காக அவ்வுயிருக்கே ஊறு செய்யலாமா? அவ்வறிவு பின்னர் அதன் இனத்தைக் காக்க உதவுமாயின், செய்த ஊறு அறமாகிவிடுமா?

இவ்வினா நம்மை நெடுநாள் உறுத்திவந்த ஒன்று. ஆசிரியப் பயிற்சி பெற்ற காலத்தில், வண்ணத்துப்பூச்சிகளைப் பிடித்து, மருந்தில் நனைத்த பஞ்சிட்ட புட்டியில் அடைத்து, உயிர் அடங்கியபின் அட்டையில் ஊசி குத்திக் காட்சிக்கு வைத்தோம். சிற்றுயிர்கள் உணவில் விழுந்து மடியக் கூடாதென்று, பொழுது சாயுமுன் உண்டு முடிக்கும் இல்லத்தில் வளர்ந்த கைகளே அதைச் செய்தன. பின்னர் ஆசிரியையாகி, மாணவர்களையும் அவ்வாறே செய்யச் சொன்னோம். பிள்ளைகள் பூச்சிகளின் பெயர்களைக் கற்றனர். அத்துடன் வேறொன்றையும் கற்றிருப்பர் என்னும் எண்ணம் அன்று நமக்கு எழவில்லை.

அண்மையில் பள்ளியில் பயிலும் பெயர்த்தி, “பெங்குவின் கடலுக்கடியில் போய்த் தின்கிறதே, அது எதைத் தின்கிறது என்று எப்படிப் பாட்டி கண்டுபிடித்தார்கள்?” என்று வினவினாள். விடை தேடிப் படிக்கத் தொடங்கியபோது அந்தப் பழைய புட்டி மீண்டும் கண்முன் வந்து நின்றது.

பெங்குவின் நிலத்தில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கிறது. இரை தேடுவதோ மனிதக் கண் எட்டாத கடலுக்குள். அண்டார்க்டிகாவில் வாழும் அடேலி வகைப் பெங்குவினுக்குக் கிரில் என்னும் சிற்றுயிர் முதன்மையான உணவு. இறாலைப் போன்ற அது ஏறத்தாழ 6 செ.மீ. வரை வளரும். மனிதரும் வளர்ப்பு மீன்களுக்குத் தீவனமாகவும், எண்ணெய் மாத்திரைகளுக்காகவும் கிரிலைப் பெருமளவில் வாரி எடுக்கின்றனர். அண்டார்க்டிகக் கடல்வாழ் உயிர்வளங்களைக் காப்பதற்கான பன்னாட்டு உடன்படிக்கை 1982இல் நடைமுறைக்கு வந்தது. பிடிக்கப்படும் உயிரை மட்டுமின்றி, அதனை உண்டு வாழும் உயிர்களையும் கருத்திற்கொள்ள வேண்டும் என்பது அதன் கொள்கை. ஆகவே, பெங்குவின் என்ன உண்கிறது என்பது வெறும் பொழுதுபோக்கு வினாவன்று. அதன் பங்கு இன்னதென்று அறியாமல் அப்பங்கை மனிதரிடமிருந்து காப்பது எங்ஙனம்?

இதனை அறிய முற்காலத்து ஆய்வாளர் கைக்கொண்ட வழி எளியது, கொடியது. பறவையைக் கொன்று இரைப்பையைத் திறந்து பார்த்தனர். உள்ளே இருக்கும் கிரிலின் ஓடு, மீனின் செவிக்கல், கணவாயின் அலகு ஆகியவற்றைக் கொண்டு, உண்ணப்பட்ட உயிர் எது, எவ்வளவு பெரியது என்று கணித்தனர்.

பின்னர் கொல்லாத வழி ஒன்று வந்தது. 1984இல் ரோரி வில்சன் என்னும் ஆய்வாளர் திருத்தமான இரைப்பைக் குழாய் முறையொன்றை வெளியிட்டார். பறவையின் தொண்டை வழியே குழாயைச் செலுத்தி, நீரை உள்ளே விட்டு, அதனைத் தலைகீழாகப் பிடித்தால் உண்டதெல்லாம் வாளியில் வந்து விழும். பறவை உயிருடன் போய்விடும். இது பெரும் முன்னேற்றமே, ஐயமில்லை. ஆயினும் வாளியில் விழுந்த அந்த உணவு யாருடையது? குஞ்சு பொரிக்கும் காலத்தில் கடலினின்று திரும்பும் பெங்குவின், குஞ்சுக்கு ஊட்டுவதற்காகவே இரையைச் சுமந்து வருகிறது. தாய் தந்தையரின் வாய்க்குள் அலகை நுழைத்து உண்ணக் காத்திருந்த குஞ்சின் ஒரு வேளை உணவே ஆய்வுக்கூடத்துக்குப் போயிற்று.

“சில குஞ்சுகளின் ஒரு வேளை உணவைக் கொண்டு பல்லாயிரம் குஞ்சுகளின் உணவைக் காக்கலாமே” என்று ஆய்வாளர் கூறுவர். இவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. அவர்கள் கொடியவரல்லர், பனியிலும் புயலிலும் துன்புற்று அப்பறவைகளுக்காகவே உழைத்தவர் பலர். எனினும், பலருக்கு நன்மை வருமென்பதால் சிலருக்குச் செய்த ஊறு ஊறல்லாததாகிவிடாது. கடன் வாங்கியது நற்காரியத்துக்கு என்பதால் கடன் தீர்ந்துவிடுவதில்லை அல்லவா?

இன்னொன்றும் நோக்கத்தக்கது. ஊறு செய்து பெற்ற அறிவு முழுமையான அறிவாகவும் இருக்கவில்லை. ஜெல்லி மீன் இரைப்பையில் விரைவில் கரைந்துவிடும். ஓடோ எலும்போ எஞ்சாது. ஆதலால் பெங்குவினுக்கு அது ஓர் உணவென்றே பலகாலம் கருதப்படவில்லை. முதுகில் பொருத்திய சிறு ஒளிப்படக் கருவிகளின் வழியே, நான்கு வகைப் பெங்குவின்கள் ஜெல்லி மீன் முதலிய கூழுடல் உயிர்களை உண்பதை 2017இல் ஆய்வாளர் வெளியிட்டனர். திறந்து பார்த்த இரைப்பை சொல்லாததை, உயிரோடு நீந்திய பறவை காட்டிற்று.

பறவைகளை அடையாளம் காண அவற்றின் துடுப்புச் சிறகில் இட்ட பட்டைகளின் கதையும் இத்தகையதே. 10 ஆண்டுகள் அரசப் பெங்குவின்களைத் தொடர்ந்து கவனித்து 2011இல் வெளியிட்ட ஆய்வின்படி, பட்டையிட்டவை ஈன்ற குஞ்சுகள் 39 விழுக்காடு குறைவு. உயிர்பிழைக்கும் வீதமும் 16 விழுக்காடு குறைவு. வாழ்வை அறிய இட்ட பட்டையே அவ்வாழ்வை மாற்றிவிட்டது! இதனைக் கண்டறிந்து ஒளிக்காமல் உரைத்தவர்களும் அறிவியலாரே என்பதை மறத்தலாகாது.

இன்று வழிகள் பல. பறவை விட்டுச் சென்ற எச்சத்தை எடுத்து, அதிலுள்ள டி.என்.ஏ.வைக் கொண்டு உண்ட உயிர்களை அடையாளம் காண்கின்றனர். கடலுக்குச் செல்லும் பாதையில் எடைமேடை அமைத்து, வரும்போது உள்ள எடைக்கும் போகும்போது உள்ள எடைக்கும் உள்ள வேறுபாட்டால் குஞ்சுக்கு ஊட்டிய அளவை மதிப்பிடுகின்றனர். பழைய குடியிருப்புகளில் கிடந்த முட்டையோடுகளும் பேசின. 38,000 ஆண்டுகள் வரை பழமையான அடேலி முட்டையோடுகளின் கரியையும் நைட்ரஜனையும் ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட முடிவு வியப்பானது. நெடுங்காலம் மீனை மிகுதியாக உண்ட இப்பறவைகள், ஏறத்தாழக் கடந்த 200 ஆண்டுகளுக்குள் கிரிலுக்கு மாறியுள்ளன. கிரிலை உண்ட திமிங்கிலங்களையும் கடல்நாய்களையும் மனிதர் வேட்டையாடி ஒழித்ததால் கிரில் மிகுந்ததே காரணமாகலாம் என்பது ஆய்வாளர் கருத்து. மனிதன் செய்த கொலையின் கணக்கை, உடைந்த ஓடு குறித்து வைத்திருந்தது.

இவையும் முற்றிலும் ஊறற்றவை என்று சொல்வதற்கில்லை. முதுகில் ஏற்றிய கருவி நீந்தும் பறவைக்குச் சுமையே. எச்சம் பொறுக்கப் போகும் மனிதனின் காலடியும் கூட்டைக் கலைக்கும். துறவியின் மாவிரதத்தை இல்லறத்தார் முழுமையாகக் கைக்கொள்ள இயலாதென்றே நம் முன்னோர் அணுவிரதம் வகுத்தனர். “முழுமையாக இயலாது” என்பது, “இயன்ற அளவும் வேண்டாம்” என்பதற்குச் சாக்காகாது. இன்று செய்யும் ஊறு நேற்றையதினும் குறைந்ததா, நாளை இன்னும் குறையுமா என்று கேட்டுக்கொண்டே இருப்பதே அவ்விரதத்தின் உயிர்.

நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் ஆகிய மூன்றும் சேர்ந்தே வழியாகும் என்று நாம் இளமை முதல் ஓதி வந்துள்ளோம். ஒழுக்கத்தை வாயிலில் நிறுத்திவிட்டு ஞானம் மட்டும் உள்ளே நுழைந்தால் அது குறைபட்டே நிற்கும் என்பதைப் பெங்குவின் ஆய்வின் வரலாறு கண்கூடாகக் காட்டுகிறது.

பெயர்த்திக்கு இவை அனைத்தையும் சொன்னோம். நம் புட்டியைப் பற்றியும் மறைக்காமல் சொன்னோம். சிறிது நேரம் பேசாதிருந்தவள், “பறக்கும்போது பார்த்தாலே பெயர் தெரிந்திருக்குமே, பாட்டி” என்றாள். அன்று நமக்கு அத்தனை பொறுமை இருக்கவில்லை. நம் பிள்ளைகளுக்கு அறிவைத் தரும் நாம், காத்திருந்து அறியும் அப்பொறுமையையும் சேர்த்துத் தருவோமாக.