ஒரு வாய்க்கு முன்னால்

ஆபரேஷன் முடிந்த மறுநாள், இருமல் மருந்துப் புட்டியின் தலையில் கவிழ்ந்திருக்குமே, அந்த மாதிரி ஓர் அளவு மூடியைக் கையில் கொடுத்தார்கள். 30 மில்லி. அதில் தண்ணீர் ஊற்றி, 15 நிமிடத்தில் சிறுகச் சிறுகக் குடித்து முடிக்க வேண்டும். சொம்பைத் தூக்கி அண்ணாந்து குடித்தே பழகிய கை என்னுடையது. இனி அண்ணாந்து குடிக்கக் கூடாதாம். தண்ணீரோடு காற்றும் இறங்கும். காற்றுக்கு அங்கே இடமில்லை.

பிறகு இளநீர், பருப்புத் தண்ணீர், நீர்மோர், இறுத்தெடுத்த ரசம். சோறு இல்லாமல், பொரியல் இல்லாமல், ரசத்தை மட்டும் வாயில் வைத்திருந்தபோதுதான் மிளகும் சீரகமும் ஒன்றன்பின் ஒன்றாக வருவது தெரிந்தது. இத்தனை வருஷம் வைத்த ரசம்.

*

எடை குறைய எனக்குச் செய்தது ஸ்லீவ் ஆபரேஷன். இரைப்பையை நெடுக்காக வெட்டி, முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது ஒடுங்கிய ஒரு குழல். ஆரம்பத்தில் 100, 150 மில்லிதான் கொள்ளும்.

இப்படியெல்லாம் செய்யலாம் என்று யாருக்குத் தோன்றியிருக்கும்? வயிற்றுப்புண்ணுக்காக இரைப்பையில் ஒரு பகுதியை இழந்தவர்கள் இளைத்துப்போய், இளைத்தபடியே இருந்ததைப் பார்த்துத்தான், அமெரிக்காவில் அயோவாவைச் சேர்ந்த எட்வர்ட் மேசன் 1966-இல் இரைப்பை பைபாஸைத் தொடங்கினார். ஸ்லீவ் வெகுநாள் கழித்து வந்தது. பெரிய ஆபரேஷனை ஒரே மூச்சில் தாங்க முடியாத உடம்புக்காரர்களுக்கு முதல் கட்டமாக இதைச் செய்து அனுப்பினார்கள். அவர்களில் பலருக்கு இரண்டாவது கட்டம் தேவைப்படவே இல்லை.

வெட்டியெடுத்த பகுதியோடு இன்னொன்றும் போய்விட்டது. இரைப்பையின் மேல் குவிவில்தான் கிரெலின் என்கிற பசி ஹார்மோன் அதிகம் சுரக்கிறது. சாப்பாட்டு நேரம் நெருங்கினால் இரத்தத்தில் ஏறும், சாப்பிட்டதும் இறங்கும். ஜப்பானில் கோஜிமாவும் கங்காவாவும் 1999-இல்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். அது குறைந்ததும் பசி போய்விட்டது. காலையில் இல்லை, மத்தியானம் இல்லை. போனில் அலாரம் வைத்துக்கொண்டு சாப்பிடுகிறேன். அலாரம் அடிக்கும்போது எரிச்சலாகக்கூட இருக்கிறது.

*

பசி போனாலும் ஆசை போகவில்லை. மதுரையில் சாயங்காலம் ஏழு மணிக்குத் தெருவில் நடந்தால் கொத்துப் புரோட்டா சத்தம் கேட்காமல் வீடு திரும்ப முடியாது. கல்லில் இரும்பு அடிக்கிற அந்தத் தாளம் கேட்டதும் வாய் ஊறுகிறது. வயிறு சும்மாதான் இருக்கிறது. முன்பு இரண்டும் சேர்ந்தே வந்ததால், இவை இரண்டு என்பதே தெரியாது.

நின்று கவனித்துப் பார்க்கிறேன். ஆசை ஏறுகிறது, கொஞ்ச நேரம் நிற்கிறது, கடையைத் தாண்டியதும் இறங்குகிறது. சில நாள் இறங்குவதில்லை. வீடு வரைக்கும் கூடவே வரும். அன்றைக்கு யாரிடமாவது கோபம் இருந்திருக்கும், அல்லது வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள்.

*

எங்கள் வீட்டில் நான்தான் கடைசியில் சாப்பிடுவேன். எல்லாருக்கும் போட்டு முடித்து, சட்டியில் என்ன இருக்கிறது என்று பார்த்து உட்காருவேன். சின்னவன் தட்டில் பாதி இட்லி இருக்கும். அடியில் ஒட்டிய சோற்றில் ஒரு பிடி, நாளைக்குத் தாங்காத பொரியல் இரண்டு கரண்டி, கொஞ்சம் குழம்பு. ‘வீணாப் போகக் கூடாது’ என்று அம்மா சொல்வாள், அவளுடைய அம்மாவும் சொல்லியிருப்பாள். அந்த வீட்டில் என் வயிறும் ஒரு பாத்திரம்தான், மீந்ததைக் கொட்டி வைக்கிற பாத்திரம்.

எனக்கு எவ்வளவு வேண்டும் என்பது அந்தக் கணக்கில் எங்குமே வராது. சட்டி காலியானால் சாப்பாடு முடிந்தது. பெண்கள் எல்லாரையும் பற்றி இதைச் சொல்லிவிட முடியாது என்றாலும், க்ளினிக்கில் வரிசையில் உட்கார்ந்து பேசிய பெண்களில் பலர் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னார்கள். ஆண்கள் வேறு கதை சொன்னார்கள்: ராத்திரி ஷிப்ட், டீக்கடை, பத்து மணிக்கு மேல் சாப்பாடு.

இப்போது அலாரத்தின்படி நான்தான் முதலில் சாப்பிடுகிறேன். மற்றவர்கள் காத்திருக்கும்போது தட்டின் முன் உட்காருவதற்கு இந்த வயிற்றைவிட அதிக நாள் பழக வேண்டியிருந்தது. மீந்த இட்லி இப்போதும் மீந்துதான் இருக்கிறது. பார்க்கிறேன். எடுத்து மூடி வைக்கிறேன்.

*

இந்த வயிறு நிறைவதை நயமாகச் சொல்லத் தெரியாதது. நிறைந்த சேதி மூளைக்கு எட்டச் சுமார் 20 நிமிடம் ஆகும் என்கிறார்கள். அதற்குள் ஒரு வாய் கூடிவிட்டால் நெஞ்சுக்குழியில் கல் வைத்து அழுத்துகிறது, வாயில் நுரை நுரையாக எச்சில் ஊறி வெளியே வந்தால்தான் விடும். ஆனால் அதற்கு முன்னால் சின்னச் சின்ன அடையாளங்கள் உண்டு. மூக்கில் நீர் கோக்கும். ஒரு விக்கல். சிலருக்குத் தும்மல். எனக்குக் காரணமில்லாத ஒரு பெருமூச்சு. அது வந்த இடத்தில் கையை எடுத்துவிட வேண்டும், கையில் இருக்கிற உருண்டையையும் தட்டில் போட்டுவிட்டு.

ஒரு வாய்க்கு முன்னால் நிறுத்துவது. இவ்வளவுதான் வேலை. இதற்காகச் சாப்பிடும்போது டிவி போடுவதை நிறுத்தினேன், பேச்சைக் குறைத்தேன், பேனாவால் எழுதுவது போலக் கவனமாக மென்றேன். பெருமூச்சு மிகச் சன்னமாகத்தான் வரும். சீரியல் ஓடினால் கேட்காது.

வாந்தி விடாமல் தொடர்ந்தால் தாமதிக்காமல் வரச் சொல்லியிருக்கிறார்கள். தயமின் என்கிற வைட்டமின் குறைந்து நரம்பையும் மூளையையும் பாதிக்கும். வாந்தியைப் பொறுத்துக்கொண்டு வீட்டில் கிடக்கிறவர்கள் உண்டு என்பதால் எழுதி வைக்கிறேன்.

*

சோறு சரிப்படவில்லை. அதுதான் முதலில் வருத்தம். வாயில் குழைந்தது உள்ளே போய் அடைத்துக்கொள்கிறது. இடத்தையும் பிடித்துக்கொள்கிறது, புரதமும் பெரிதாகத் தருவதில்லை. நாளைக்கு 60 கிராம் புரதமாவது வேண்டும் என்று டயட்டீஷியன் கணக்குப் போட்டாள். முட்டை ஒன்றில் 6 கிராம், இட்லி ஒன்றில் சுமார் 2. தட்டில் முதலில் புரதம், பிறகு காய், இடமிருந்தால் மற்றது. மீனை அவித்து உதிர்த்துச் செய்கிற சுறாப்புட்டு இந்த வயிற்றுக்கென்றே பிறந்தது போல இறங்குகிறது. பஞ்சு மாதிரியான பன்னைவிட மொறுமொறு தோசை சுலபமாகப் போவதும் ஆச்சரியம்தான். சாப்பிடும்போது தண்ணீர் கூடாது. அரை மணி கழித்துத்தான். இலைக்கு இடது பக்கம் டம்ளர் இல்லாத சாப்பாடு இன்னும் மொட்டையாகத்தான் தெரிகிறது.

மூன்றாம் மாதம் முடி கொட்டியது. இது வரும், திரும்ப முளைக்கும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். சொல்லியிருந்தாலும் சீப்பைப் பார்க்கப் பிடிக்கவில்லை. பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி இனி ஆயுசுக்கும்.

*

கல்யாணப் பந்தி. பெரியம்மா பக்கத்து இலையில்.

‘என்னடி, கோழி கொத்துற மாதிரி தின்னுற? ஏய் தம்பி, இவளுக்குப் பாயசம் விடு.’

‘போதும் பெரியம்மா. வயிறு நிறைஞ்சிருச்சு.’

‘என்ன சாப்பிட்டே, நிறையறதுக்கு? இலையில அப்படியே இருக்கு.’

ஆபரேஷன் பண்ணியதை வீட்டைத் தாண்டிச் சொல்லாதவர்கள் நிறையப் பேர். வாக்கிங் போகிறேன், சிறுதானியம் சாப்பிடுகிறேன் என்பார்கள். கஷ்டப்படாமல் இளைத்துவிட்டாள் என்கிற பேச்சுக்குப் பயம். கால் முட்டிக்கு ஆபரேஷன் செய்தவரை யாரும் ‘நடக்கப் பழகாமல் குறுக்கு வழியில் போய்விட்டார்’ என்று சொல்வதில்லை. நான் பெரியம்மாவிடம் சொன்னேன். இரைப்பையை வெட்டி எடுத்துவிட்டார்கள் என்று கேட்டதும் அவள் கை நின்றது. ‘அப்ப பசிச்சா என்ன செய்வே?’ என்றாள்.

பசிக்காது என்றேன். பாயசக்காரப் பையனை அவளே கையைக் காட்டி அனுப்பினாள்.

பைபாஸ் செய்துகொண்ட தோழி ஒருத்தி இருக்கிறாள். பாயசம் அரை டம்ளர் குடித்தால் போதும், இனிப்பு நேரே சிறுகுடலில் இறங்கி, வேர்த்து, நெஞ்சு படபடத்து, அரை மணி நேரம் படுக்க வைத்துவிடும். அவளுக்கு ஒரு விதத்தில் சௌகரியம். அவள் உடம்பு கத்திச் சொல்லிவிடுகிறது.

*

போன வாரம் பதினோரு மணி வாக்கில் வயிற்றில் ஒரு பிறாண்டல். ஸ்லீவ் செய்தவர்களுக்கு நெஞ்செரிச்சல் வருவது சகஜம், அதுவாக இருக்கும் என்று நினைத்தேன். தண்ணீரைச் சிறுகச் சிறுகக் குடித்தேன், அடங்கவில்லை. அமிலம் குறைக்கும் மாத்திரை காலையிலேயே போட்டாகிவிட்டது. அடுப்படியில் அவித்த முட்டை ஒன்று இருந்தது. உரித்து, உப்பு தொட்டு, மென்று தின்றேன். கடைசித் துண்டுக்கு முன்னால் பெருமூச்சு வந்தது. பிறாண்டல் போயிருந்தது.

நெஞ்செரிச்சலாக இருந்திருந்தால் முட்டைக்கு அடங்கியிருக்காது என்று நினைக்கிறேன். டாக்டரிடம் கேட்க எழுதி வைத்திருக்கிறேன்: இது இனி தினமும் வருமா, எந்த நேரத்துக்கு, அலாரத்தை எடுத்துவிடலாமா.