மண்டையோடு காக்கும் அமானிதம்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

உங்கள் தலையைக் கையால் தொட்டுப் பாருங்கள். மண்டையோட்டில் 22 எலும்புகள். அவற்றில் 8 சேர்ந்து மூளைக்குப் பெட்டியாக நிற்கின்றன. 14 முகத்தை அமைக்கின்றன. பிள்ளை பிறக்கும்போது அந்தப் பெட்டி முழுவதுமாக ஒட்டியிருப்பதில்லை. பிரசவத்தில் தலை ஒடுங்கி வெளிவரவும், பிறகு மூளை வளரவும் இடைவெளி விட்டு வைத்திருக்கிறான் ரப்புல் ஆலமீன். ஏழாம் நாள் முடி இறக்கும்போது பச்சிளம் தலையில் உச்சிக்குழி துடிப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

இத்தனை ஏற்பாடும் எதற்காக? உயிரைக் காக்க மட்டும் என்றால், ஆட்டுக்கும் மாட்டுக்கும்கூட மண்டையோடு உண்டு. நமக்கோ அதற்குள் அறிவு அமானிதமாக வைக்கப்பட்டிருக்கிறது. ஷரீஅத் பாதுகாக்கும் ஐந்து விஷயங்களாக மார்க்கம், உயிர், அறிவு, சந்ததி, செல்வம் ஆகியவற்றை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் எண்ணினார்கள். புத்தி இல்லாதவர் மீது தொழுகை கடமையில்லை. கேள்வி கணக்கும் இல்லை. அப்படியானால் நம்மிடம் கேட்கப்படும் கேள்வி அனைத்தும் இந்த அறிவு நம்மிடம் இருப்பதால்தான்.

அந்த அமானிதத்தை நாம் என்ன செய்கிறோம்? ஜும்ஆவுக்கு வரும் நம் பிள்ளைகள் தொப்பி அணிகிறார்கள், ஹெல்மெட் அணிவதில்லை. கேட்டால், “விதிப்படி நடக்கும், தவக்குல் வைத்திருக்கிறேன்” என்கிறார்கள். நபி (ஸல்) அவர்களை விடத் தவக்குல் மிக்கவர் யார்? உஹதிலும், மக்கா வெற்றியின்போதும் அவர்கள் தலைக்கவசம் அணிந்திருந்தார்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வை என்று கற்றுத் தந்தவர்களும் அவர்கள்தாம்.

இன்னொன்றையும் சிந்தியுங்கள். மூளையைச் சுற்றி எலும்பால் மூடிய அல்லாஹ், கண், காது, வாய்க்கு வழி திறந்து வைத்தான். வெளியிலிருந்து விழும் அடியை எலும்பு தாங்கும். வாய் வழியே இறங்கும் போதையையும், கைப்பேசி வழியே கண்ணில் நுழையும் ஆபாசத்தையும், காதில் விழும் புறத்தையும் எந்த எலும்பும் தடுக்காது. அந்த வாசல்களுக்குக் காவல் நாம்தான். செவி, பார்வை, உள்ளம் பற்றி விசாரிக்கப்படும் என்று குர்ஆன் எச்சரிப்பதும் இதனால்தான்.

சகோதரர்களே! அறிவைச் சுமக்கும் இந்தத் தலை, படைத்தவன் முன் பணியும்போதுதான் தன் நோக்கத்தை அடைகிறது. ஸஜ்தாவில் தரையைத் தொடும் நெற்றியும் அந்த எலும்புப் பெட்டியின் ஒரு பகுதியே. தலையைக் காத்து, அதைக் கொண்டு சிந்தித்து, அதை அவனுக்கே தாழ்த்தும் நன்மக்களாக நம்மை அல்லாஹ் ஆக்கி அருள்வானாக. ஆமீன்.