மக்களோடு ஓடுதல் இல்லறத்தார்க்குத் தகுமா?

நம் இளைய குடும்பங்கள் சிலவற்றில் பெற்றோர் தம் மக்களை அழைத்துக்கொண்டு காலைதோறும் ஓட்டப் பயிற்சிக்குச் செல்வதைக் காண்கிறோம். சில திங்கள் பயின்றபின் ஐந்து கிலோமீட்டர், பத்து கிலோமீட்டர் என வகுத்த பொது ஓட்டப் போட்டிகளில் குடும்பத்தோடு கலந்துகொள்கின்றனர். இதனைப் பெருமையாகச் சொல்வோர் உளர். "சிராவகர்க்கு இது எற்றுக்கு?" என முகம் சுளிக்கும் பெரியோரும் உளர். உடலுக்கு நல்லது என்ற ஒரே விடையால் பெரியோர் வாயை அடைத்துவிட முடியாது. அவர்கள் ஐயத்துக்கு நூலாதாரம் உண்டு.

இல்லறத்தார்க்குரிய குணவிரதங்களுள் ஒன்று அநர்த்த தண்ட விரதம். பயனில்லாமல் உயிர்களுக்குத் துன்பம் விளைக்கும் செயல்களை விலக்குதல் என்பது அதன் பொருள். ஆசாரியர் சமந்தபத்திரர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இத்தீங்கினை ஐவகையாகப் பகுத்தார். அவற்றுள் பிரமாதசரியை என்னும் வகையில் மண்ணை வீணே கிளறுதல், நீரை வீணே சிந்துதல், செடிகொடிகளைக் கொய்தல் ஆகியவற்றோடு, காரணமின்றித் தான் திரிதலையும் பிறரைத் திரியச் செய்தலையும் சேர்த்துள்ளார். தானும் ஓடி, தன் மக்களையும் ஓடச் செய்யும் தந்தை இவ்விரண்டிற்கும் ஒருங்கே விடை சொல்லக் கடமைப்பட்டவனாகிறான்.

நூல் விலக்குவது பயனற்ற திரிதலையே என்பதை நோக்குக. வயலில் உழைத்தும் நெடுந்தொலைவு நடந்தும் வாழ்ந்த நம் முன்னோர்க்குத் தனியே உடற்பயிற்சி வேண்டியிருக்கவில்லை. பள்ளியிலும் வீட்டிலும் நாள் முழுதும் அமர்ந்தே இருக்கும் பிள்ளைக்கு அது வேண்டும். விரதமும் உபவாசமும் தாங்கவும், திருமலை போன்ற தலங்களின் படிகளை மூச்சிரைக்காமல் ஏறவும் உறுதியான உடல் வேண்டுமல்லவா? ஆகவே ஓட்டத்திற்குப் பயன் உண்டு என்றே கொள்கிறோம்.

ஆனால் போட்டிக்கு? இங்கேதான் வினா கடினமாகிறது. அபத்தியானம் என்பது அநர்த்த தண்டத்தின் மற்றொரு வகை. பிறர்க்கு வெற்றியோ தோல்வியோ, சிறையோ சாவோ எவ்வாறு நேரும் என உள்ளத்தால் எண்ணிக்கொண்டிருத்தலே அபத்தியானம் எனப் பூஜ்யபாதர் தத்துவார்த்த சூத்திர உரையில் விளக்குகிறார். கொலையை எண்ணுவதோடு பிறன் தோல்வியை எண்ணுவதையும் ஒரே வரிசையில் அவர் வைத்தது நம்மைத் திடுக்கிடச் செய்கிறது. முன்னே ஓடும் சிறுவன் கால் இடறமாட்டானா என ஒருகணம் நினைக்கும் குழந்தை, பதக்கம் பெற்றாலும் வினையைக் கட்டிக்கொள்கிறது. அதனைக் கட்டச் செய்தவர் சாலையோரம் நின்று "அவனை முந்து" என்று கூவிய பெற்றோராகவும் இருக்கலாம்.

பரத, பாகுபலி வரலாற்றை இவ்விடத்தில் நினைத்தல் தகும். படைகள் மடிய வேண்டாம் என்று அமைச்சர்கள் கருதியதனாலேயே உடன்பிறந்தார் இருவரும் பார்வைப் போரும் நீர்ப்போரும் மற்போரும் செய்தனர். அந்த அளவில் போட்டியே அகிம்சைக்குத் துணையாயிற்று. மூன்றிலும் தோற்ற பரதன் சினம் மேலிட்டுச் சக்கரத்தை ஏவியபோதுதான் தீங்கு தலைதூக்கியது. வென்றவனோ வெற்றியையும் நாட்டையும் ஒருங்கே துறந்து தவம் மேற்கொண்டான். போட்டியினும் தோல்வியைத் தாங்காத மானமே அங்கே கொடிதாயிற்று. சிராவகப் பிள்ளைக்குத் தோற்கக் கற்பிக்க ஓட்டக்களத்தினும் எளிய இடம் வேறில்லை என்போம். நம்மினும் குணத்தால் மேம்பட்டாரைக் கண்டு மகிழும் பிரமோத பாவனை நூலில் படிக்கும்போது எளிதாகத் தோன்றும். தன்னை முந்திச் சென்ற தோழனைக் கைகுலுக்கி வாழ்த்தும்போதுதான் அதன் அருமை விளங்கும். மகன் தன்னைக் கடந்து ஓடும் ஆண்டில் தந்தைக்கும் அதே பாடம் காத்திருக்கிறது.

அதற்காக, பிள்ளை மகிழட்டுமென்று தந்தை வேண்டுமென்றே பின்தங்கித் தோற்பது போல நடிப்பதை நாம் ஏற்கவில்லை. அன்பினால் செய்தாலும் அது மாயை. குழந்தைகள் அதனை விரைவில் கண்டுகொள்வர். வயதைக் குறைத்துக் காட்டி இளையோர் பிரிவில் சேர்ப்பதைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை. உடன் ஓடுவதாயின் பிள்ளையின் வேகத்திற்கு வெளிப்படையாகவே இறங்கி ஓடுக.

நம் உடலையும் வருத்தலாகாது, பிறர் உடலையும் வருத்தலாகாது என்னும்போது, குழந்தையின் உடல் பிறருடையதே என்பதைப் பெற்றோர் மறந்துவிடுகின்றனர். பெரியோரைவிடச் சிறுவர்க்கு வியர்வை குறைவு; வெப்பம் அவர்களை விரைவில் வாட்டும். வளரும் பருவத்தில் குதிகால் எலும்பின் வளர்ச்சிப் பகுதி மிகை ஓட்டத்தால் நோவெடுப்பது மருத்துவர் நன்கறிந்தது. "வலிக்கிறது" என்று பிள்ளை சொன்னபின்னும் ஓடச் சொல்வது பயிற்சியாகாது, இம்சையே.

உணவைப் பற்றிப் பலர் அஞ்சுகின்றனர். தை மாத நடுவில் சென்னையில் ஏறத்தாழ மாலை ஆறு மணிக்குக் கதிரவன் மறைகிறான். மறுநாள் ஆறரைக்குச் சற்றுப் பின்னரே எழுகிறான். இரவுண்ணாமை காப்பவன் பன்னிரண்டரை மணி நேரம் உண்ணாமல் ஓட இயலுமா? உறக்கத்தில் கல்லீரலில் சேமித்த சர்க்கரை குறையினும் தசைகளில் உள்ளது பெரும்பாலும் குறையாது. ஐந்து கிலோமீட்டருக்கு முன்மாலை உண்ட சோறும் பருப்பும் போதும். 42.195 கிலோமீட்டர் கொண்ட முழு மாரத்தான் வேறு. அதற்கு ஓடும்போதே உணவு வேண்டும், சென்னையில் அது விடியுமுன்பே தொடங்கியும் விடும். விரதம் காக்கும் குடும்பத்தார் அதனை விட்டுவிடலாம். இரவில் நீரையும் விலக்குவோர் பிள்ளைகளைத் தாகத்தோடு ஓட விடாமல், பொழுது புலர்ந்தபின் தொடங்கும் குறுகிய ஓட்டங்களையே நாடுதல் வேண்டும். வடிகட்டிய நீரை வீட்டிலிருந்தே புட்டியில் கொண்டுசெல்லின், பாதி குடித்து எறிந்த நெகிழிக் குவளைகளும் சிந்திய நீரும் நம் கணக்கில் சேரா.

எஞ்சுவது காலடி உயிர்கள். நான்கு முழம் முன்னோக்கி, பகலொளியில், பலர் மிதித்த வழியே நடத்தல் துறவியர்க்குரிய ஈரியா சமிதி. இல்லறத்தார்க்கு அத்துணைக் கடுமை விதிக்கப்படவில்லை. எட்டு நிமிடத்தில் ஒரு கிலோமீட்டர் கடக்கும் சிறுவனுக்கு நான்கு முழம் ஒரு நொடிக்குள் கழிந்துவிடும். கண்ணால் பார்த்துக் காலை விலக்க நேரமிராது. ஆதலின் ஓடத் தொடங்குமுன்பே வழியைத் தேர்ந்துகொள்வதுதான் செய்யக்கூடியது. இருளில் ஓடற்க. புல்வெளியை விடுத்துத் தார்ச்சாலை ஓரத்தைக் கொள்க. முதல் மழை பெய்ததும் செம்மண் நிலத்தில் பட்டுப்பூச்சிகள் ஊரும். மரவட்டையும் நத்தையும் சாலைக்கே வந்துவிடும். துறவியர் ஓரிடத்தில் தங்கும் அந்நான்கு திங்களிலும், வடகிழக்குப் பருவமழை ஓயும் வரையிலும், ஓட்டத்தை நிறுத்தி வீட்டிலேயே கயிறு தாண்டியோ மாடிப்படி ஏறியோ பயிலலாம். மழை ஓய்ந்தபின் மார்கழியில் எஞ்சும் நாட்கள் பயிற்சிக்குக் கிடைக்கும். தை, மாசியில் போட்டிக்குச் செல்லலாம்.