குமிழ் சுற்றவில்லை

கல்யாணப் போட்டோகிராபருக்கு வாழ்க்கையில் வரக்கூடிய மோசமான நிமிஷம் எது தெரியுமா? 36 படமும் எடுத்துவிட்டு ஃபிலிமைத் திருப்பிச் சுற்றும்போது, கைப்பிடி கொஞ்சமும் கனக்காமல் லொடலொடவென்று ஓடுவதுதான். உள்ளே ஃபிலிம் நகரவே இல்லை என்று அர்த்தம்.

கருமத்தம்பட்டியில் ஸ்டுடியோ வைத்திருந்த அண்ணன் ஒருவருக்கு 1983-ல் அது நடந்தது. போன மாசம் தறிச் சத்தத்துக்கு நடுவே அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அந்தக் கேமராவைக் கையில் கொடுத்தே கதையைச் சொன்னார். யாஷிகா எலக்ட்ரோ 35. இரண்டாகத் தெரியும் பிம்பத்தை ஒன்றாகச் சேர்த்து ஃபோகஸ் பண்ணும் ரேஞ்ச்ஃபைண்டர் வகை.

செல்போன் தலைமுறைக்குக் கொஞ்சம் விளக்கம். ஃபிலிம் ஒரு சின்ன டப்பாவுக்குள் சுருண்டிருக்கும். லீவரை இழுக்க இழுக்க இடது பக்க டப்பாவிலிருந்து வலது பக்க உருளைக்குப் போகும். முடிந்ததும் மறுபடி டப்பாவுக்குள்ளேயே சுற்றிவிட வேண்டும். மறந்துபோய் மூடியைத் திறந்தால் மாப்பிள்ளை, பொண்ணு எல்லாம் வெளிச்சத்தில் காலி.

இந்தத் திருப்பிச் சுற்றும் வேலையை ஆளுக்கு ஒரு மாதிரி அமைத்தார்கள். 1954-ல் வந்த லைகா எம்3-ல் ஒரு குமிழை மேலே இழுத்து, விரல் நுனியால் திருகிக்கொண்டே இருக்க வேண்டும். விரல் கடுக்கும். 1967-ல் வந்த எம்4-ல் சாய்வாக ஒரு மடக்குக் கைப்பிடி வைத்தார்கள். காபிக்கொட்டை அரைக்கிற மாதிரி சுற்றி முடித்துவிடலாம். அண்ணனின் யாஷிகாவிலும் கைப்பிடிதான். அடிப்பக்கப் பொத்தானை அமுக்கிவிட்டுச் சுற்ற வேண்டும். சௌகரியம்தான். ஆனால் காய்ந்த காற்றில் அவசரப்பட்டுச் சுற்றினால் நிலைமின்சாரம் பொறிந்து ஃபிலிமில் குட்டிக் குட்டி மின்னல் விழும். என் ஓட்டு குமிழுக்கு.

குமிழோ கைப்பிடியோ, அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. லீவரை இழுக்கும்போது ஃபிலிம் நிஜமாகவே நகர்ந்தால், இடது பக்கத்தில் அது தானாகத் திரும்பும். கண்ணில் படட்டும் என்று எம்3 குமிழில் சிவப்புப் புள்ளியே வைத்திருக்கிறார்கள். படம் எண்ணும் கவுண்ட்டரை நம்பக் கூடாது. நாம் எத்தனை தடவை லீவரை இழுத்தோம் என்பதுதான் அதற்குத் தெரியும். ஃபிலிம் உருளையில் மாட்டாமல் நழுவியிருந்தாலும் அது பாட்டுக்கு 20, 21 என்று ஏறும்.

அன்றைக்கு அண்ணன் கவுண்ட்டரை மட்டும்தான் பார்த்திருக்கிறார். இணைச்சீர் போச்சு, தாலி கட்டு போச்சு. விஷயம் தெரியும்போது பந்தி ஓடிக்கொண்டிருந்தது.

யாருக்கும் தெரியாது. பத்து நாள் கழித்து ‘லேப்ல கெடுத்துப்போட்டாங்க’ என்று ஒரு வார்த்தை போதும். அந்தக் காலத்தில் நம்புவார்கள். லேப்காரன் கோயமுத்தூரில் இருக்கிறான், இங்கே வந்து சாட்சி சொல்லப் போவதில்லை.

அண்ணன் நேரே பொண்ணோட அப்பாவிடம் போனார். “ஏனுங்க ஐயா, தப்புப் பண்ணிப்போட்டனுங்க. முகூர்த்தம் ஒண்ணுகூட விழுகலீங்க.”

அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லையாம். பிறகு, மாப்பிள்ளையை மறுபடி மணவறைக்குக் கூப்பிடச் சொன்னார். அதற்குள் பொண்ணோட ஆத்தா குறுக்கே வந்துவிட்டார். “கட்டுன தாலியத் தொடப்படாது சாமி. கழுத்துக்கிட்டக் கைய வெச்சுக்கட்டும், அது போதும்.” அப்படியே எடுத்தார்கள். இணைச்சீர் படம் மட்டும் அந்த ஆல்பத்தில் கிடையாது. அருமைக்காரர் கிளம்பிப் போய்விட்டார். அண்ணன் கூலி வாங்கவில்லை.

உண்மை பேசினார், பாராட்டலாம். ஆனால் அந்த உண்மையிலிருந்து பிறந்தது ஒரு பொய்ப் படம் இல்லையா? கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் என்ற பிரெஞ்சுக்காரர், 1948 ஜனவரி 30 அன்று காந்தியைச் சந்தித்துவிட்டுத் திரும்பிய சற்று நேரத்தில் காந்தி சுடப்பட, அடுத்து வந்த நாட்களைத் தன் லைகாவில் பதிவு செய்தவர். நிற்க வைத்து, நடிக்க வைத்து எடுப்பது அவருக்கு ஆகாது. அவரிடம் கேட்டால் தாலி கட்டு போனது போனதுதான் என்றிருப்பார். அவருக்கென்ன, அவர் பெண்ணைப் பெற்றவருக்கு எதிரே நிற்கவில்லை. நான் அண்ணன் கட்சி. அன்றைக்கு மணவறையில் நின்ற அத்தனை பேருக்கும் அது நடிப்பு என்று தெரியும். யாரையும் ஏமாற்றவில்லை.

இப்படிச் சொல்லி முடிப்பதற்குள் அண்ணன் அடுத்ததைப் போட்டார். 2023-ல் அந்தத் தம்பதிக்கு 40-வது கல்யாண நாள். அவர்கள் மகள் அந்தப் படத்தோடு வந்து, பெரிதாகப் போட்டுத் தரக் கேட்டிருக்கிறாள். “பாருங்க மாமா, அப்பா தாலி கட்றப்ப ஆத்தா எப்படிச் சிரிக்கிறாங்க!”

நிஜமாகக் கட்டும்போது அந்த ஆத்தா முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாராம். சிரிப்பு, இந்தப் பிள்ளைகள் சும்மா கையை வைத்துக்கொண்டு நின்ற கூத்தைப் பார்த்து வந்தது.

“சொன்னீங்களா?”

“இல்லீங்க. அது அவங்கப்பனும் ஆயாளும் சொல்ல வேண்டியதுங்க.”

“அன்னைக்கு மட்டும் ஓடிப்போய்ச் சொன்னீங்களே?”

“அன்னைக்குச் சொன்னா சரிபண்ண நேரமிருந்துச்சுங்க. இப்பச் சொன்னா அந்தப் புள்ளைக்கு ஒரு சிரிப்புக் கொறையும். அவ்வளவுதானுங்க மிச்சம்.”

பதில் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எனக்கு முழுசாகச் சமாதானமாகவில்லை. அவருக்கும் ஆகியிருக்காது என்று நினைக்கிறேன். பிரிண்ட்டுக்கு எவ்வளவு வாங்கினீர்கள் என்று கேட்டேன். ஃபிரேமுக்கு மட்டும் வாங்கினாராம்.