மூச்சுக்கு யார் சாட்சி

ஒலக்கூரில் அம்மாவின் கைப்பேசியில் ஆஸ்துமாவைக் கண்காணிக்கும் செயலியை நான்தான் ஏற்றிக் கொடுத்தேன். அன்று அது கேட்ட ஐந்து கேள்விகளுக்கு அம்மா சொன்னதை வைத்துத் தட்டியபோது 25க்கு 21 வந்தது. 20 வந்தாலே நோய் கட்டுக்குள் இருக்கிறது என்று கணக்கு. முந்தைய இரவு முழுக்க அவள் திண்ணைத் தூணில் சாய்ந்து உட்கார்ந்தே கிடந்ததை நான் பார்த்திருந்தேன்.

அம்மா பொய் சொல்லவில்லை. அந்த ஐந்து கேள்விகளும் 2004இல் அமெரிக்காவில் வெளியான ஆஸ்துமா கட்டுப்பாட்டுத் தேர்வு. காகிதத்தில் இருந்தது, இப்போது கைப்பேசிக்கு வந்திருக்கிறது. கடந்த நான்கு வாரங்களில் ஆஸ்துமாவால் உங்கள் வேலை எவ்வளவு தடைப்பட்டது என்பது முதல் கேள்வி. “நின்னுட்டா யாரு செய்யறது?” என்றாள். தடைப்படவே இல்லை என்று தட்டினேன். முழு மதிப்பெண். அவசரத்துக்கு இழுக்கும் பம்பை எத்தனை முறை பயன்படுத்தினீர்கள்? பழகிவிடும் என்ற பயம், தீர்ந்தால் தம்பியிடம் கேட்க வேண்டுமே என்ற கூச்சம்; அதனால் அவள் அதைத் தொடுவதே அபூர்வம். அதற்கும் நல்ல மதிப்பெண். இரவில் மூச்சுத்திணறி விழித்தீர்களா? “தூங்கினாத்தானேம்மா முழிச்சிக்கறதுக்கு” என்று சிரித்தாள். நானும் சிரித்துவிட்டு, ஒன்றிரண்டு முறை என்று போட்டேன்.

அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. மிராண்டா ஃபிரிக்கர் என்ற தத்துவவாதி 2007இல் எழுதிய நூலில், ஒருவர் இன்னார் என்பதாலேயே அவர் சொல் எடையிழப்பதை அநீதியின் ஒரு வகையாகவே வைத்துப் பேசுகிறார். வகுப்பில் அதைப் பாடமாகவே நடத்தியிருக்கிறேன். வீட்டில் ஒரு சாட்சியத்தை வேடிக்கைப் பேச்சாகக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சிறுவயதில் ஆஸ்துமா ஆண்பிள்ளைகளுக்கு அதிகம். வளர்ந்தபின் பெண்களுக்கு அதிகம். ஆனால் வேலையை நிறுத்தும் உரிமை உள்ளவரை மனதில் வைத்துத்தான் அந்த முதல் கேள்வி கேட்கப்பட்டிருக்கிறது. நோய் வந்தால் படுத்துக்கொள்ள முடிகிறவருக்கு மதிப்பெண் குறையும். படுக்க முடியாதவள் ஆரோக்கியமானவள் ஆகிவிடுவாள்.

சரி, கேள்விகளை விடுவோம், கருவி பொய் சொல்லாதே என்று நினைத்து, ஊதிப் பார்க்கும் பீக் ஃப்ளோ மீட்டர் ஒன்றை வாங்கிப் போனேன். நோய் அடங்கியிருக்கும் நாட்களில் ஊதிய மிக உயர்ந்த அளவை அவரவருடைய 100 என்று வைத்துக்கொள்ள வேண்டும். அதில் 80 சதவீதத்துக்கு மேல் பச்சை, 50க்குக் கீழே சிவப்பு, இடையில் மஞ்சள். அம்மாவின் 100 எது? நாற்பது வருஷம் வேலிக்காத்தான் விறகில் நெல் அவித்து, மல்லாட்டை உடைத்த தூசியில் உட்கார்ந்து எழுந்த நுரையீரலின் சிறந்த நாள். உஜ்வாலா திட்டம் 2016இல்தான் வந்தது. எரிவாயு வந்தபிறகும் வெந்நீர் அடுப்பு கொல்லையில் விறகில்தான் எரிகிறது. தேய்ந்துபோனதையே முழுமை என்று எடுத்துக்கொண்டு செயலி பச்சை காட்டியது. உயரத்துக்கும் வயதுக்கும் ஏற்ற அளவு எவ்வளவு என்று தனி அட்டவணை இருக்கிறது. அதோடு ஒப்பிட்டபோதுதான் எவ்வளவு போய்விட்டது என்று தெரிந்தது.

செயலியில் தமிழ் இல்லை. மொழிபெயர்த்துக் கேட்டவள் நான். எனவே தவறில் பாதி என் தமிழில் இருந்தது. அடுத்த முறை வேறு மாதிரி கேட்டேன்: “எந்த வேலைய நடுவுல உட்கார்ந்து உட்கார்ந்து செஞ்சம்மா?” அம்மா நிறுத்தாமல் சொன்னாள். தண்ணீர்க் குடம், மாடிப்படி, கொடியில் துணி போடக் கையைத் தூக்குவது, தலை வாருவது. தலை வாருவதா! அன்று மதிப்பெண் 11.

சிவப்பைப் பார்த்ததும் தம்பி அன்று மாலையே வண்டி வைத்துத் திண்டிவனத்துக்கு அழைத்துப் போனான். “மூணு வருஷமா நான் சொல்றேன். அந்த டப்பா ஒரு தடவ சொன்னதும் வண்டி வருது” என்றாள் அம்மா. தினமும் இழுக்க வேண்டிய தடுப்பு மருந்தை மருத்துவர் எழுதிக் கொடுத்தார். அது வேலை செய்தது. அதை மறுக்க மாட்டேன்.

செயலியின் தகவல் தம்பியின் கைப்பேசிக்கும் போகும்படி வைத்திருந்தோம். பாசத்தில்தான். ஆனால் மஞ்சள் வந்த நாளெல்லாம் அவன் வேலையிடத்திலிருந்து கூப்பிட்டு, “அடுப்புகிட்ட போனியா? யாரு போகச் சொன்னது?” என்பான். வெந்நீரை வேறு யார் வைப்பது என்பதை அவன் கேட்டதில்லை. இரண்டு மாதத்தில் மதிப்பெண் மறுபடி 21, 22 என்று ஏறியது. எனக்கு அந்த எண் பழக்கமானது. அவள் உடம்பு தேறவில்லை, திட்டு வாங்காமலிருக்கக் கற்றுக்கொண்டிருக்கிறாள்.

தன் மூச்சைப் பற்றிய செய்தி யாரிடம் போகவேண்டும் என்று அவளிடம் யாருமே கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டபோது யோசிக்காமல் சொன்னாள்: எதிர்வீட்டுப் பெண், நர்சிங் படிப்பவள். “அவ திட்டமாட்டா. வந்து முதுகத் தடவுவா.” தம்பியின் இணைப்பை எடுத்துவிட்டேன். ராத்திரி வண்டி வேண்டுமென்றால் அந்தப் பெண் என்ன செய்வாள் என்று கேட்டுவிட்டு அவன் சில நாள் என்னோடு பேசவில்லை. நியாயமான கேள்விதான். என்னிடம் பதில் இல்லை.

இப்போது அம்மா தினசரித் தாளில், பால் கணக்குக்குப் பக்கத்தில், உட்கார்ந்து கழித்த ஒவ்வொரு ராத்திரிக்கும் ஒரு கோடு போட்டு, கிழித்த தாள்களை எனக்காகச் சேர்த்து வைக்கிறாள். ஞாயிறு போகும்போது செயலியில் ஏற்றுகிறேன். பங்குனியில் 11 கோடு. அதில் மல்லாட்டை பிடுங்கிய வாரத்தில் மட்டும் ஐந்து.