விரல் அசைய இடம்

என் பாதங்கள் பெரியவை. 12-ஆம் எண் பூட்ஸ் வேண்டும். டொராண்டோவில் மகன் வீட்டில் தங்கியிருந்த குளிர்காலத்தில் அந்த அளவு கடையில் கிடைக்கவில்லை. 11-ஆம் எண்ணை வாங்கி, இரண்டு கம்பளிக் காலுறைகளோடு காலைத் திணித்துக்கொண்டு, சைக்கிளில் நூலகத்துக்குப் புறப்பட்டேன். சுழியத்துக்குக் கீழே 10 டிகிரி. பாதி வழியிலேயே விரல்கள் மரத்துப்போயின.

"ஒரு காலுறையைக் கழற்றிவிடுங்கள், அப்பா" என்றான் மகன். மறுநாள் அப்படியே செய்தேன். குளிர் குறைந்தது!

காரணம் எளிது. கம்பளி தானாகச் சூடு தருவதில்லை. இழைகளுக்கிடையே தங்கும் காற்றைக் கொண்டே உடலின் சூட்டைக் காக்கிறது. நசுக்கினால் அந்தக் காற்றுக்கு இடமில்லை. குளிரில் உடல், நெஞ்சையும் வயிற்றையும் காப்பதற்காகக் கைகால்களுக்குச் செல்லும் இரத்தத்தைக் குறைத்துவிடுகிறது. பெடலின்மேல் விரல் அசையாமல் இருந்த பாதத்துக்கு, எஞ்சி வந்ததையும் நானே இறுக்கித் தடுத்திருந்தேன்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. படிப்பு, வேலை, திருமணம் எல்லாவற்றிலும் மகன்மேல் என் அன்பைத் திணித்தேனே! அவன் இவ்வளவு தொலைவு வந்ததற்கு அதுவும் ஒரு காரணமோ? மிகுதியாகக் கொடுப்பது மட்டும் அன்பாகிவிடுமா? கொடுத்ததற்குள் அவன் விரல் அசைக்க இடம் இருந்ததா என்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

காலையில் அவன் தன் வேலையைப் பற்றி ஏதோ சொன்னான். அறிவுரை என் நாவின் நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன். அவன் இன்னும் சிறிது நேரம் பேசிக்கொண்டிருந்தான்.