எந்தக் கார் ஜெயித்தது?

1990ஆம் ஆண்டு லண்டன் உயர் நீதிமன்றத்தில் ஒரு பழைய பென்ட்லி காரைப் பற்றிய வழக்கு நடந்தது. காரை விற்க ஒப்பந்தம் ஆகிவிட்டது. பேசிய மதிப்பு 1 கோடி பவுண்டு. கடைசி நேரத்தில், வாங்க வந்த நிறுவனம் பணம் தர மறுத்தது. அவர்கள் சொன்ன காரணம் எளிமையானது: நீங்கள் விற்பதாகச் சொன்ன கார் இது இல்லை.

விற்பதாகச் சொன்ன காரின் பெயர் ‘ஓல்டு நம்பர் ஒன்’. பிரான்ஸின் லெ மான் நகரில் நடக்கும் 24 மணி நேரப் பந்தயத்தை 1929லும் 1930லும் அடுத்தடுத்து வென்ற கார். இரண்டு முறையும் ஓட்டியவர்களில் ஒருவர் வுல்ஃப் பர்னாட்டோ. பென்ட்லி நிறுவனத்தின் தலைவரும் அதற்குப் பணம் போட்டவரும் அவர்தான். முதல் வருடம் டிம் பர்க்கினும், அடுத்த வருடம் கிளென் கிட்ஸ்டனும் கூட ஓட்டினார்கள்.

நீதிமன்றத்தில் வல்லுநர்கள் வந்து காரைத் துருவித் துருவிப் பார்த்துச் சாட்சி சொன்னார்கள். 1929இல் ஜெயித்த காரிலிருந்து மிஞ்சியது என்று உறுதியாகச் சொல்ல ஏதும் இல்லை, எந்தக் காலத்தது என்று கணிக்க முடியாத சில சில்லறைச் சாமான்களைத் தவிர. 1930இல் ஜெயித்த காரிலிருந்து பெடல் தண்டு, கியர்பாக்ஸ் கூடு, ஸ்டீயரிங் தண்டு. அவ்வளவுதான். என்ஜின் வேறு. சேசிஸ் வேறு. மேற்கூடும் வேறு.

இந்தக் கதையை நண்பனிடம் சொன்னேன். “அப்ப அது டூப்ளிகேட்தானே?” என்றான் உடனே. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

*

பந்தயக் கார் எப்படி உயிர் வாழ்கிறது என்று கொஞ்சம் பார்த்தால் அந்த ‘உடனே’ தயங்க ஆரம்பிக்கிறது.

ஓல்டு நம்பர் ஒன் பிறந்தபோது அதில் இருந்தது ‘ஸ்பீடு சிக்ஸ்’ என்ஜின். வரிசையாக ஆறு சிலிண்டர். ஒவ்வொன்றின் விட்டமும் 100 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 140 மில்லிமீட்டர். மொத்தக் கொள்ளளவு 6597 சிசி. நம்மூர் சின்னக் கார்கள் ஐந்தாறின் என்ஜின்களைச் சேர்த்தால் வரும் அளவு. அந்தக் கால பென்ட்லி என்ஜின்களில் ஹெட்டைத் தனியாகக் கழற்ற முடியாது. ஹெட்டும் சிலிண்டர் பிளாக்கும் ஒரே வார்ப்பு. அதனால் கேஸ்கெட் வெடிக்கும் பயம் இல்லை. ஆனால் வால்வு தேய்ந்துவிட்டால் அதை அரைப்பதற்கே முழு பிளாக்கையும் தூக்கி எடுத்தாக வேண்டும். சின்ன வேலை என்று ஒன்றே கிடையாது. என்ஜினில் கைவைத்தால் அதன் நெஞ்சைத் திறக்க வேண்டும்.

24 மணி நேரம் முழு வேகத்தில் ஓடி வந்த என்ஜினைத் திறந்தால் என்ன இருக்கும்? தேய்ந்த பிஸ்டன் ரிங், உருகி உராய்ந்த பேரிங், சூட்டில் வெந்த வால்வு. அதையெல்லாம் மாற்றாமல் அடுத்த பந்தயத்துக்குப் போக முடியாது. மாற்றும்போது பழையதைவிடக் கொஞ்சம் நல்லதாக ஏன் போடக் கூடாது? இப்படித்தான் பழுதுபார்த்தல் மேம்படுத்தலாக மாறுகிறது. இரண்டுக்கும் நடுவே கோடு கிழிக்க எந்த மெக்கானிக்காலும் முடியாது. பந்தயக் காருக்கு ‘மாறாமல் இருப்பது’ என்பதன் பொருள் ஓடாமல் நிற்பது.

மேம்படுத்துவதிலும் அன்றைக்கே இரண்டு கட்சி இருந்தது. டிம் பர்க்கினுக்கு சூப்பர்சார்ஜர் மேல் மோகம். நாலரை லிட்டர் பென்ட்லியின் முன்பக்கம், ரேடியேட்டருக்கும் முன்னால், காற்றை அழுத்தித் திணிக்கும் அந்தக் கருவியை மாட்டினார். சாதாரண வடிவில் 110 குதிரைத்திறன் தந்த என்ஜின் பந்தய வடிவில் 240 தந்தது. நிறுவனத்தை உருவாக்கிய டபிள்யூ. ஓ. பென்ட்லிக்கு அது பிடிக்கவே இல்லை. ரயில் என்ஜின் பட்டறையில் தொழில் பழகிய மனிதர் அவர். திணிப்பது என்ஜினின் இயல்பையே கெடுப்பது என்று நினைத்தார். சக்தி வேண்டுமா, பெரிய என்ஜினாகச் செய், அது சிரமப்படாமல் தரட்டும் என்பது அவர் கட்சி. 1930 லெ மான் பந்தயத்தில் பர்க்கினின் சூப்பர்சார்ஜர் கார்கள் முடிவுக்கோடு வரை வரவில்லை. ஸ்பீடு சிக்ஸ் கார்கள் முதலிடமும் இரண்டாமிடமும் பிடித்தன.

டபிள்யூ. ஓ.வின் வாதம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அது முழுப் பதில் இல்லை என்பதை அதே ஓல்டு நம்பர் ஒன் காட்டியது.

*

1931இல் பென்ட்லி நிறுவனம் நொடித்து, ரோல்ஸ் ராய்ஸ் கைக்குப் போனது. கார் பர்னாட்டோவிடம் இருந்தது. அந்த வருடம் இங்கிலாந்தின் புரூக்லாண்ட்ஸ் ஓடுதளத்தில் நடந்த 500 மைல் பந்தயத்தை ஜாக் டன்ஃபீயும் சிரில் பாலும் அதில் வென்றார்கள். அடுத்த வருடப் பந்தயத்துக்காக அதில் பெரிய வேலை நடந்தது. சேசிஸ் மாறியது. ஆறரை லிட்டர் என்ஜினை இறக்கிவிட்டு எட்டு லிட்டர் என்ஜினை ஏற்றினார்கள்.

டபிள்யூ. ஓ.வின் வழியிலேயே நடந்த மேம்பாடு இது. திணிப்பு ஏதும் இல்லை. பிஸ்டன் ஓடும் தூரம் அதே 140 மில்லிமீட்டர். சிலிண்டர் விட்டம் மட்டும் 100லிருந்து 110 ஆனது. பத்து மில்லிமீட்டர், ஒரு விரலின் அகலம்கூட இருக்காது. கொள்ளளவோ ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடி 7983 சிசி ஆனது.

புரூக்லாண்ட்ஸின் வளைவுகள் கிண்ணத்தின் உட்பக்கம்போலச் சரிந்து எழுபவை. உச்சியில் ஏறத்தாழ 9 மீட்டர் உயரம். வேகம் கூடக் கூடக் கார் அந்தச் சரிவில் மேலே ஏறும். 1932 செப்டம்பர் 24 அன்று ஜாக்கின் சகோதரர் கிளைவ் டன்ஃபீ ஓட்டிக்கொண்டிருந்தபோது கார் வளைவின் விளிம்பைத் தாண்டிப் போய்விட்டது. கிளைவ் இறந்துபோனார். அவர் மனைவி ஜேன் பாக்ஸ்டர், நடிகை. கல்யாணமாகி இரண்டே வருடம்.

அந்த எட்டு லிட்டர் என்ஜின்தான் அவரைக் கொன்றது என்று சொல்ல நான் வரவில்லை. பந்தயத்தில் ஒரு நொடியில் நடப்பதற்கு ஒற்றைக் காரணம் சொல்வது நேர்மையில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லலாம். அந்த என்ஜின் அன்றைய பந்தயத்துக்காகவே அந்தக் காருக்குள் வந்தது. பிறகு சிதைந்த காரை மறுபடி கட்டினார்கள். இந்த முறை சாலையில் ஓட்டும் மூடிய கூபேயாக, பர்னாட்டோவுக்காக. எட்டு லிட்டர் காராகவே அது தொடர்ந்தது.

*

எங்கள் தெருமுனையில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் அண்ணனிடம் இந்த வழக்கைச் சொல்லிக் கேட்டேன்.

“தம்பி, சேசிஸ் நம்பர் என்னன்னு பாரு. என்ஜின் மாறினா மாறிட்டுப் போவுது.”

“சேசிஸையும் மாத்திட்டாங்கண்ணே.”

கொஞ்ச நேரம் யோசித்தார். “அப்ப ஆர்.சி. புக் யார்கிட்ட இருந்துச்சு? கை மாறாம, நடுவுல விட்டுப்போகாம வந்துச்சா?”

அப்போது சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து யோசித்தால், நீதிபதி ஆட்டன் சொன்ன தீர்ப்பும் கிட்டத்தட்ட அதுதான். இது 1929இன் அசல் கார் அல்ல என்று அவர் ஒப்புக்கொண்டார். நகல் என்பதையும் ஏற்கவில்லை. புதிய பாகங்கள் ஒரேயடியாக வந்து உட்காரவில்லை. காலப்போக்கில், ஒவ்வொன்றாக, ஏற்கெனவே இருந்த முழுமைக்குள் கரைந்தன. எந்தக் கட்டத்திலும் கார் தன் அடையாளத்தை இழக்கவில்லை. அந்தப் பெயருக்கு உரிமை கோர வேறு எந்தக் காரும் உலகத்தில் இல்லை. விற்பனைக்கு வந்தது இரும்பு மட்டும் அல்ல, அதன் வரலாறும் பேரும்தான். ஆகவே இது மெய்யான ஓல்டு நம்பர் ஒன். விற்றவர் ஜெயித்தார்.

அசல் வேறு, மெய் வேறு. இந்தப் பிரிவு நமக்கு அந்நியமானதும் அல்ல. ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் “ஒரிஜினலா, டூப்ளிகேட்டா?” என்று கேட்கிறோம். அங்கே ‘ஒரிஜினல்’ என்றால் வண்டியோடு முதலில் வந்த பாகம் என்று யாருக்கும் பொருள் இல்லை. கம்பெனி இப்போது செய்து அனுப்பிய புத்தம்புது பாகம் என்றே பொருள். உரிய வழியில் வந்தது என்பதற்கே அந்த வார்த்தை. அதாவது பொருளைப் பற்றிக் கேட்கவில்லை, அது வந்த வழியைப் பற்றிக் கேட்கிறோம்.

*

தீர்ப்பு சரி என்றே எனக்கும் படுகிறது. ஆனால் அதை ஒத்துக்கொண்ட பிறகு ஒரு உறுத்தல் வருகிறது.

பாலி மொழியில் ‘மிலிந்த பஞ்ஞா’ என்றொரு நூல் உண்டு. கிரேக்க மன்னன் மிலிந்தனுக்கும் பௌத்த துறவி நாகசேனருக்கும் நடக்கும் உரையாடல். அதில் வரும் தேர் உவமை பிரபலம். அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா? எதுவுமில்லை. எல்லாம் சேர்ந்திருக்கும்போது ‘தேர்’ என்று வழங்குகிறோம். கார் வழக்கைப் பேசுகிற எவருக்கும் இந்தத் தேர்தான் முதலில் ஞாபகம் வரும். எனக்கு முக்கியமாகப் படுவது அதே நூலில் வரும் இன்னொரு உவமை: மாங்காய்.

ஒருவன் அடுத்தவர் மரத்தில் மாங்காய் திருடி மாட்டிக்கொள்கிறான். மன்னன் முன் நிறுத்துகிறார்கள். அவன் சொல்கிறான்: “நான் இவருடைய மாங்காயை எடுக்கவில்லை. இவர் நட்டது வேறு மாங்காய், நான் பறித்தது வேறு. எனக்கு எதற்குத் தண்டனை?” அவனை விட்டுவிடலாமா என்று நாகசேனர் கேட்கிறார். முடியாது என்கிறான் மிலிந்தன். பறித்த மாங்காய் நட்ட மாங்காயிலிருந்துதானே வந்தது. மறுபிறவியில் வருபவன் அதே ஆளும் அல்ல, வேறு ஆளும் அல்ல, ஆனாலும் பழைய வினையிலிருந்து அவன் தப்ப முடியாது என்று விளக்க வந்த உவமை அது.

தேர் உவமை ‘அதுதானா இது?’ என்ற கேள்வியோடு நிற்கிறது. மாங்காய் உவமை ஒரு படி மேலே போய் ‘அதற்கு யார் பொறுப்பு?’ என்று கேட்கிறது. தொடர்ச்சி உண்டு என்று சொல்லிவிட்டால் லாபத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போக முடியாது. கணக்கு முழுதாக வரும்.

இந்தக் காரில் அந்தக் கணக்கு எப்படிப் பிரிந்து கிடக்கிறது பாருங்கள். பெருமை முழுக்க 1929, 1930 வெற்றிகளில் இருக்கிறது. அந்த வெற்றிகளை ஈட்டிய என்ஜினும் சேசிஸும் இல்லை. இன்று அதை எட்டு லிட்டர் காராக வைத்திருப்பது 1932 பந்தயத்துக்காகச் செய்த மாற்றம். கிளைவ் டன்ஃபீ இறந்த பந்தயம் அது. பெயர் வெற்றியிடமிருந்து வந்திருக்கிறது, உடம்பு சாவிடமிருந்து வந்திருக்கிறது. 1 கோடி பவுண்டு எதற்கு என்று கேட்டால் எல்லோரும் லெ மானைச் சொல்வார்கள். அதே தொடர்ச்சியின் பேரில் புரூக்லாண்ட்ஸையும் சொல்ல வேண்டும்.

*

காரைப் பற்றி இவ்வளவு பேசுவதற்குக் காரணம், நான் என்னைப் பற்றியும் இதே தில்லுமுல்லைச் செய்கிறேன் என்பதுதான்.

பள்ளியில் வாங்கிய பரிசை ‘நான்’ வாங்கினேன் என்கிறேன். அதே வயதில் கூடப் படித்த ஒருவனை எல்லோரும் சேர்ந்து கேலி செய்து அழவைத்தோம். அதைச் சொல்லும்போது “அப்ப எனக்கு விவரம் பத்தாது, நான் வேற ஆளு” என்கிறேன். பரிசு வாங்கியவனும் அந்த வேற ஆள்தானே? புகழ் வரும்போது சேசிஸ் நம்பரைக் காட்டுகிறேன். பழி வரும்போது பாகமெல்லாம் மாறிவிட்டது என்கிறேன். நாடுகளும் கட்சிகளும் குடும்பங்களும் செய்வது இதைத்தான். ஆயிரம் ஆண்டுப் பெருமைக்கு ‘நாம்’ உண்டு. நூறு ஆண்டுக்கு முந்தைய கொடுமைக்கு ‘அவர்கள்’ உண்டு.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பும் இருக்கிறது. மனிதன் உண்மையிலேயே மாறுகிறான். மாற முடியாது என்றால் திருந்துவதற்கே அர்த்தம் இல்லை. பதினைந்து வயதில் செய்ததற்காக ஐம்பது வயதில் தூற்றினால் அது அநியாயம். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தண்டனை வேறு, கணக்கில் ஏற்றுவது வேறு. தண்டனை காலத்தோடு குறையலாம், மன்னிப்பால் இல்லாமலும் போகலாம். நடந்தது நான் செய்ததுதான் என்ற வரியை அழிக்க மட்டும் எந்த மேம்பாட்டுக்கும் உரிமை இல்லை. உண்மையில் அந்த வரி இருந்தால்தான் மேம்பாடு என்று ஒன்றைச் சொல்லவே முடியும். எதிலிருந்து மேம்பட்டேன்?

நல்ல மெக்கானிக் இதைத் தத்துவம் பேசாமலே செய்கிறார். என்ஜினைக் கட்டி முடித்ததும் எழுதி வைக்கிறார்: எந்தத் தேதியில், எதைக் கழற்றினோம், என்ன போட்டோம், ஏன். பழைய பிஸ்டனைத் தூக்கிப் போட்டாலும் குறிப்பைத் தூக்கிப் போடுவதில்லை. அடுத்து அந்த என்ஜினைத் திறக்கப் போகிறவருக்கு அது தேவைப்படும். ஓல்டு நம்பர் ஒன் வழக்கில் ஜெயித்ததும் அப்படி ஒரு விடுபடாத குறிப்பு இருந்ததால்தான். என்ஜின் மாறியதை மறைத்திருந்தால் அது டூப்ளிகேட். சொன்னதால் மெய்.

அந்தக் குறிப்பை நான் எழுதுவதாக இருந்தால் இப்படி எழுதுவேன். 1929, லெ மான், முதலிடம். 1930, லெ மான், முதலிடம். 1931, புரூக்லாண்ட்ஸ், முதலிடம். 1932, சேசிஸும் என்ஜினும் மாற்றப்பட்டன, எட்டு லிட்டர். புரூக்லாண்ட்ஸ், கிளைவ் டன்ஃபீ மரணம். பிறகு மறுபடி கட்டப்பட்டது.

அதே எழுத்தில், அதே அளவில்.